இரண்டு விசில்

எங்கள் டிரைவர் அண்ணனுக்கு இதயத்தில் அடைப்பு என்றதும் டிப்போவே அதிர்ந்துபோனது. எனக்கு ஆச்சரியமே இல்லை. பத்தொன்பது வருடமாக ஒரே பஸ். நான் டிக்கெட் கொடுத்தபடி முன்னும் பின்னும் நடையாய் நடப்பேன். அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையமாட்டார். கடைசி ஸ்டாப்பில் டீகூட நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஸ்டென்ட் வைத்த டாக்டர் ஆறு மாதம் கெடு கொடுத்தார். டிரெட்மில்லில் ஒன்பது நிமிடம் நடந்து காட்டினால் மறுபடி ஸ்டீயரிங். இல்லாவிட்டால் டிப்போ ஆபீஸில் நாற்காலி.

"நாற்காலியில உக்காந்தா செத்தே போயிடுவேன் தம்பி."

"இத்தனை வருஷம் எதுல உக்காந்திருந்தீங்களாம்?"

முறைத்தார்.

தினமும் அரை மணி நேரம் நிற்காமல் நடக்க வேண்டும். அண்ணி அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார். காலையில் எங்கள் ரூட்டிலேயே கிளம்பினோம். முதல் ஸ்டாப் வந்தது, நின்றுவிட்டார். அடுத்ததிலும் அப்படியே.

"ஏண்ணே நிக்கிறீங்க?"

"ஸ்டாப் வந்துடுச்சே! காலு தானா நிக்குது."

எரிச்சலில் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினேன். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. ஆள் கிளம்பிவிட்டார்! தெருவே எங்களை வேடிக்கை பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும். மேம்பாலம் ஏற மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியவர், ஐந்தாம் மாதம் என்னைக் கிண்டல் செய்துகொண்டே ஏறினார். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

டெஸ்ட் நாளன்று கதவோரம் நிற்க என்னை விட்டார்கள். ஏழாவது நிமிடம் டிரெட்மில் இன்னும் மேடானது. அண்ணன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"நெஞ்சு வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர், காலுதான். விட்டுடலாமான்னு இருக்கு."

என் கை பைக்குள் விசிலைத் தேடியது. டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா வேலை செய்யுது. முடிஞ்சா நடங்க" என்றார்.

இரண்டு விசில் ஊதினேன். நர்ஸ் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். "சார், இது ஆஸ்பத்திரி!"

அண்ணன் காலை எட்டிப் போட்டார். எட்டு நிமிடம். ஒன்பது.

"பாஸ். மெதுவா இறங்கிக்கலாம்" என்று டாக்டர் வேகத்தைக் குறைத்தார். அண்ணன் இறங்கவில்லை. என்னையே பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். விசில் வாயில் இருக்கிறது, காற்றுதான் வரவில்லை.

கடைசியில் அந்த நர்ஸே சொன்னார்: "அட, ஊதித் தொலைங்க சார். அவரு நிக்கவே மாட்டேங்கிறாரு."

ஒரு விசில் ஊதினேன். இறங்கினார்.