ப்ளஸ் கீயில் வைத்த பொட்டு

என் வேலை நிரந்தரமாக வேண்டிய நாளில், டப்பாவில் இருந்த இருநூறு ஸ்பிரிங்குகளை எண்ணிய என் கால்குலேட்டர் நூறு என்று காட்டியது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியின் இன்ஸ்பெக்ஷனில் நான் டிரெய்னி. கம்பெனியின் ஒரே கம்ப்யூட்டர் ஏசி ரூமில் இருந்தது. என்னிடம் இருந்தது ப்ரோக்ராம் போடக்கூடிய கால்குலேட்டர். ஒரு நல்ல ஸ்பிரிங்குக்கு ஒரு முறை ப்ளஸ் கீயை அழுத்தினால் எண்ணிக்கை ஏறும். பேசிக் என்ற ப்ரோக்ராம் மொழியில் எழுதிப் பார்த்தேன், என் விரல் வேகத்துக்கு அது ஈடு கொடுக்கவில்லை. அதனால் அதைவிட வேகமான அசெம்பிளி மொழிக்குப் போனேன். கட்டளைகளை எண்களாக மாற்றி ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் திரை உறைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிப் போட்டால் உயிர் வரும், ப்ரோக்ராம் போயிருக்கும். இதையெல்லாம் சமாளித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சூப்பர்வைசர் ஏழுமலை சாருக்கும் பெருமைதான். சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆள் வரும்போது இதைக் காட்டிவிட்டு, என் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த உற்சாகத்தில் ஆயுதபூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தவர், “இதுவும் சோறு போட்ற மெஷினுதான்பா” என்று கால்குலேட்டருக்கும் வைத்தார். சரியாக ப்ளஸ் கீயின் மேல். மெஷினில் வைத்த பொட்டை எங்கள் ஷெட்டில் யாரும் அழிக்க மாட்டோம். அதுவாகத்தான் உதிர வேண்டும்.

பூஜை முடிந்து வேலைக்கு வந்ததும், ஒரு முறை அழுத்தினால் இரண்டு ஏறியது. ஐம்பது அழுத்தினால் நூறு. கவரைப்பேட்டையிலிருந்து வரும் ரயிலில் நின்றுகொண்டே ப்ரோக்ராமை வரிவரியாகப் படித்தேன். கால்குலேட்டருக்குள் எண்களை வைத்திருக்கும் எந்த ரிஜிஸ்டரில் எப்போது என்ன இருக்கும் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். பிழையே இல்லை. நாலு நாள் சோறு இறங்கவில்லை. கீ சற்றுச் சோம்பலாக எழுவது தெரிந்தது. என் விரல்தான் அசந்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியில் பெரிய அறிவாளி மாதிரி, விடையைப் பாதியாக்கும் கட்டளை ஒன்றைச் சேர்த்தேன். ஐம்பதுக்கு ஐம்பது வந்தது. அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை நான் டீ குடித்துவிட்டு வந்தபோது கால்குலேட்டர் பளபளவென்று இருந்தது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஜமால் பாய் பெயிண்ட் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்திருந்தார். “பெரிய மன்ஷன் வர்றாரு, இது அழுக்கா கீதேன்னு தொடச்சேன்பா” என்றார். அவருக்கு நன்றி வேறு சொன்னேன்.

சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆள் வந்தார். அவர் முன்னால் எண்ணினேன். நூறு.

“இன்னாபா இது? மீதி நூற நாஷ்டாவுக்குத் துண்ட்டியா?” என்றார் ஏழுமலை சார்.

வந்தவர் பொறுமையாகக் கையால் எண்ணினார். இருநூறு. என்னைப் பார்த்தார். பாதியாக்கியதை ஒப்புக்கொண்டேன்.

“ஏன் பாதியாக்கினீங்க?”

“ரெண்டு ரெண்டா ஏறுச்சு சார்.”

“ஏன் ஏறுச்சு?”

“தெரியல சார்.”

அப்படியொரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது ஜமால் பாய், “அந்த ப்ளஸ்ஸு இடுக்குல சந்தனம் காஞ்சி கெட்டியா ஒட்டிக்கினு இருந்துச்சி சார். நான்தான் சொரண்டி எட்த்தேன்” என்றார்.

எனக்கு உறைத்தது. கீயை அழுத்திப் பிடித்தால் இன்னொன்று ஏற வேண்டும் என்று நானே எழுதியிருந்தேன். சந்தனத்தில் ஒட்டிய கீ தாமதமாக எழ, நான் பிடித்துக்கொண்டிருப்பதாக ப்ரோக்ராம் நினைத்திருக்கிறது. பாய் சுரண்டியதும் கீ சரியாகிவிட்டது, பாதியாக்கும் என் கட்டளை மட்டும் மிச்சமிருந்தது.

“பொட்டு வச்சது யாரு?” என்றார் வந்தவர்.

நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். ஜமால் பாயும் ஃபேனைப் பார்த்தார். ஏழுமலை சார் மட்டும் பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவி, “அந்த பர்மனென்ட் ஆர்டர எட்த்தா, கையெழுத்துப் போட்டுர்றேன்” என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காரணம் தெரியாத பிழைக்கு ஒட்டுப் போடாதீர்கள். அது ஆரம்பித்த நாளுக்கு முன்னால் என்ன மாறியது என்று முதலில் கேளுங்கள். அடுத்த ஆயுதபூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை அவர் கையிலிருந்து நானே வாங்கிக்கொண்டேன். கால்குலேட்டருக்கு முதுகில்தான் பொட்டு.