ஸ்டெல்லா அக்காவின் அண்டா

நண்பர்களுக்கும், உறவினர்களுக்கும், என் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறவர்களுக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று காலை ஓசூரில், எங்கள் கம்பெனி கேன்டீன் டீயின் கடைசி வாயில் தூள் வரவில்லை. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

ஷிப்ட் முடிந்து ரூமில் கிடக்கிறேன். கால்கள் யாருடையவோ மாதிரி இருக்கின்றன. அந்தத் தெளிந்த டீ மட்டும் மண்டைக்குள் ஓடுகிறது... கூடவே ஒரு வாசனை. முளைகட்டிய கேழ்வரகுச் சாறு கொதிக்கிற இனிப்பு, அதன் மேல் ஹாப்ஸின் பச்சைக் கசப்பு.

ஸ்டெல்லா அக்கா என் பெரியப்பா மகள். பெங்களூரில் ஒரு பீர் கம்பெனியில் பாட்டில் பிரிவில் இருந்தாள். அதை விட்டுவிட்டு ஆலங்காயம் பக்கத்தில் எங்கள் ஊருக்கே திரும்பி வந்து, முளைகட்டிய கேழ்வரகில் போதையில்லாத மால்ட் பானம் போடப்போகிறேன் என்றாள். புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் கேழ்வரகு இறங்கியது. பெரியப்பா புளி வைக்கிற கொட்டகையில், குழாய் வைத்த பெரிய அண்டா அடுப்பேறியது. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு சும்மா இருந்தேன். மால்ட்டில் மாட்டினேன்.

பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மாதா திருவிழாவுக்கு வர்றவங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்திக் காட்டு. பத்தலன்னா கொட்டாய காலி பண்ணிடும்மா. புளி வரப்போவுது."

"பத்தும்பா."

பத்தாது என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஹாப்ஸ் என்பது பீரில் போடுகிற ஒரு பூ. பொடித்து, கோழித் தீவனம் மாதிரி குச்சி குச்சியாக விற்பார்கள். கொதியில் விழுந்ததும் கரைந்து பச்சைச் சேறாகி அடியில் உட்காரும். பஞ்சு மாதிரி சாற்றைக் குடித்துவிட்டுத் திருப்பித் தராது. குழாயையும் அடைக்கும். துணியில் போட்டுப் பிழிந்தால் கசப்பு மொத்தமும் இறங்கும். ஒவ்வொரு முறையும் பக்கெட் நிறைய சாறு, சேறோடு சேர்ந்து வாழைமரத்தடிக்குப் போனது. எங்கள் கம்பெனியில் லாபம் பார்த்தது அந்த வாழை மட்டும்தான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மதியம், கடைசி அண்டா. கேழ்வரகும் தீர்ந்துவிட்டது.

"டேய், நல்லா கலக்கி துணில வடி. நான் பாட்டில் கழுவிட்டு வர்றேன்."

அடுப்பை அணைத்தேன். துடுப்பால் ஒரே பக்கமாகச் சுற்றினேன். நடுவில் பள்ளம் விழுகிற வரை சுற்றினேன். பிறகு துணியைத் தொடாமல், மூடி போட்டு, ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெகுநேரம் கழித்து அக்கா குழாயைத் திறந்தாள். தேன் நிறத்தில், ஒரு துரும்பு இல்லாமல் ஓடியது. நிற்கவேயில்லை. மூடியைத் தூக்கினாள். சேறு முழுக்க நடுவில் குவிந்து குட்டி ஜவ்வாது மலையாக நின்றது. சுற்றிலும் தெளிந்த சாறு. குழாய்க்கு எதிர்ப்பக்கம் அடியில் மெதுவாக ஒரு கல்லைக் கொடுத்துச் சாய்த்ததும் மிச்சமும் வந்துவிட்டது.

"இன்னாடா பண்ண?"

"சயின்ஸ் யக்கா."

மறுநாள் எல்லாருக்கும் பத்தியது. பெரியப்பா ஒரு வாய் குடித்து, "இன்னாம்மா, மருந்து மாதிரி கீது" என்றார். இன்னொரு டம்ளர் நீட்டினார். "புளிய மாடில போட்டுக்கலாம்."

ஊர் முழுக்க நான் 'சுழல் விஞ்ஞானி' ஆனேன். பட்டம் கொடுத்தவனும் நானேதான்.

இங்கே மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நானும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் தலை தெரிகிறது.

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். கொட்டகையில் இப்போது இரண்டு அண்டா.

"புதுசா வந்திருக்கற ஆளு கலக்கிட்டு உடனே குழாய தொறந்துடுதுடா. போய்ப் படுன்னா படுக்க மாட்டுது. உன்ன மாதிரி வராது."

"நான் எங்க படுத்தேன் யக்கா?"

"சாக்கு மேல. கன்னமெல்லாம் சாக்குக் கோடு. நாந்தான் எழுப்பல... பாவமா இருந்துச்சு."

ஆமாம். கை வலித்தது. வடிகட்ட முடியவில்லை. மாட்டக்கூடாது என்று மூடியைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். சயின்ஸ் அவ்வளவுதான்.

அந்த மாதிரி ஒரு தூக்கம் இந்த ஓசூரில் இன்னும் வரவில்லை.