வட கொரியாவில் கழற்றிய சப்பாத்து

பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் கண்டவன் நின்றவன் எல்லாம் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்ப, எப்ப ஊருக்கு?" வட கொரியாவுக்குப் போகிறேன் என்றேன். மரக்கறிக் கடைக்காரர் வெண்டிக்காய் அள்ளிய கையை அப்படியே நிறுத்தி, "தம்பி, உமக்கு விசரோ?" என்றார். இல்லை என்று சொல்லி வெண்டிக்காயை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் கோப்பை கழுவும் உணவகத்தின் சமையல்காரன், ஒரு பிரெஞ்சுக்காரன், சுற்றுலாக் குழுவொன்றில் சேர்ந்திருந்தான். என்னையும் சேர்த்துவிட்டான். அந்தப் பயணம் வந்த கிழமையில்தான் தங்கச்சியின் திவசமும் வந்தது. நான் போனதற்கு அதுதான் காரணம்.

தங்கச்சி 2009இல் வன்னிக் கடற்கரையில் செல் குண்டு விழுந்து செத்துப்போனாள். மணலைக் கையால் தோண்டி நான்தான் புதைத்தேன். வைக்க ஒரு பூ இருக்கவில்லை. அன்று அழ நேரமும் இருக்கவில்லை. பாரிசுக்கு வந்து நேரம் தாராளமாகக் கிடைத்த பிறகும் அழுகை வரவில்லை. வருடா வருடம் பாரிசுக்குப் பக்கத்தில், செவ்ரானில் அக்கா வீட்டில் படத்துக்கு முன்னால் படைப்பார்கள். நான் வேலை என்று சொல்லிவிடுவேன்; இந்த முறை பயணம் என்று சொன்னேன். "நெஞ்சுக்குள்ளை உனக்கு என்ன கல்லோடா கிடக்கு?" என்று அக்கா கேட்பாள். அது எனக்கும் தெரியவேண்டியிருந்தது.

பியோங்யாங்கில் எதைப் பார்ப்பது, எங்கே படம் எடுக்கக்கூடாது, எப்போது பஸ்ஸில் ஏறுவது என்று எல்லாவற்றையும் வழிகாட்டிப் பெண்ணே சொன்னாள். கூட வந்த பிரெஞ்சுக்காரருக்கு அது பெரிய எரிச்சல். பாஸ் இல்லாமல் இங்கே ஒருவரும் ஊர் தாண்ட முடியாதாம் என்று வாயைப் பிளந்தார்கள். வன்னியில் பாஸ் எடுத்து ஊர் தாண்டி வளர்ந்தவனுக்கு அதில் பிளக்க என்ன இருக்கிறது? சொன்னதைச் செய்தேன், வைத்ததைச் சாப்பிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போனவனுக்கு வசதியான நாடு.

ஒரு நாள் காலை தலைவர்களின் சிலைகளுக்குக் கூட்டிப்போனார்கள். ஆளுக்கொரு பூங்கொத்தைத் தந்து, காலடியில் வைத்துக் குனிய வேண்டும் என்றாள் வழிகாட்டி. பூ கையில் வந்ததும், பழக்கதோஷம், சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். பூவோடு எவருக்கு முன்னால் போனாலும் நாங்கள் அப்படித்தானே. வழிகாட்டிக்கு முகம் வெளுத்தது. அவமதிப்போ மரியாதையோ என்று அவளுக்கு விளங்கவில்லை. "எங்கள் ஆட்களின் மரியாதை" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் தன் மேலதிகாரியைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

வெறுங்காலோடு நடந்தேன். கல் குளிர்ந்தது. அந்தக் கடற்கரையிலும் என் காலில் செருப்பு இருக்கவில்லை. பூவை வைத்துக் குனிந்தபோது வாயில் தங்கச்சியின் பெயர் வந்தது. கண் நனையவில்லை, ஆனால் நிமிர முடியவில்லை. மற்றவர்கள் குனிந்து நிமிர்ந்து போய்விட்டார்கள். "போதும், இவ்வளவு நடிக்கத் தேவையில்லை" என்று சமையல்காரன் காதுக்குள் சொன்னான். வழிகாட்டிக்கோ பெரிய திருப்தி. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு முன் இருக்கை கிடைத்தது.

பாரிசுக்கு வந்து நேரே செவ்ரானுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு, தேத்தண்ணி போட்டாள்.

"பூ வைச்சனான்," என்றேன்.

"எங்கை?"

சொன்னேன். சப்பாத்தைக் கழற்றியதையும் சொன்னேன். அக்கா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளின்ரை பேரைச் சொன்னனியோ?"

"ஓம்."

"அவ்வளவு தூரம் போய் ஆரோ ஒருத்தன்ரை காலடியிலை வைச்சிருக்கிறாய். இஞ்சை, இந்தச் சின்னப் படத்துக்கு முன்னாலை வரப் பயமோடா?"

"ஓம் அக்கா. பயம்தான்."

அக்கா எழும்பிப் போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் மடியில் வைத்தாள். தங்கச்சி சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பல் கொஞ்சம் ஏறி நிற்கும். அதை மறந்தே போயிருந்தேன். படத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு வரவில்லை. அக்காதான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுதாள்.