வார் மூடாத இடம்

விழுப்புரம் ஜங்ஷனில் வலது கையில் கடிகாரம் கட்டிய புக்கிங் கிளார்க் நான் ஒருவன்தான். அதுவும் சாதாரணக் கடிகாரமா? முதல் யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவர் எனக்கு விற்றது. வாரைக் கோக்கிற காதுகள் இரண்டும் அவ்வளவு அகலம். அதற்கேற்ற தோல் வார் மணிக்கட்டில் மூன்று விரல் இடத்தை மூடிக்கொண்டு கிடக்கும். பக்கத்து ஜன்னலில் டிக்கெட் கொடுக்கிறவர் பொல்லாத வாய்க்காரர். "இன்னா சார், மாட்டுக்கு லாடம் அடிச்ச மாதிரி கட்டிக்கினு வர்றீங்க? அதுவும் சோத்துக் கையில?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதி.

அந்த வாருக்கு அடியில் ஒரு தேமல் இருந்தது. மணிக்கட்டைச் சுற்றி வளைந்து, வெளிறிப்போய், ரோமம் உதிர்ந்து இருந்தது. முதலில் படர்தாமரை என்று நினைத்துச் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினேன். போகவில்லை. அரிக்கவும் இல்லை. அது அரிக்காமல் இருந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

பெருவியாதியின், அதாவது குஷ்டத்தின், தேமலில் உணர்ச்சி இருக்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஓர் ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தால் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். வீட்டில் ஊசிக்கா பஞ்சம்? ஆனாலும் ஒரு வருஷமாக நான் குத்திப் பார்க்கவில்லை. குத்தாத வரைக்கும் அது வெறும் தேமல்தானே. குளிக்கும்போதுகூட அந்த இடத்தைப் பார்க்காமல் தேய்த்துக் கழுவிவிட்டு, துவட்டினதும் வாரை இறுக்கிக் கட்டிக்கொள்வேன்.

இன்றைக்கு அது மாத்திரையில் தீர்ந்துவிடுகிற நோய். அப்போது அப்படியா? அந்த நோய்க்காரர் யாராவது டிக்கெட் கேட்டு வந்தால், பக்கத்து ஜன்னல்காரர் காசைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு டிக்கெட்டை வெளியே வீசுவார். நான் கையில் கொடுப்பேன். இதனால் ஸ்டேஷனில் எனக்குத் தர்மவான் என்று பெயர். தர்மமாவது மண்ணாவது! நாளைக்கு எனக்கும் யாராவது கையில் கொடுக்க வேண்டுமே என்கிற பயம்தான்.

வேலை போய்விடும் என்பதுகூட எனக்குப் பெரிதாகப்படவில்லை. என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள், தலைச்சன். அவள் பிறந்த வீடு கண்டமங்கலத்துப் பக்கம், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். பிரசவத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் காதில் இந்தச் சேதி விழுந்தால் அவளைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். பிள்ளையை நான் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. என் கூடப்பிறந்தவள் புருஷனுக்கு இது வந்திருந்தால் நானே அப்படித்தான் யோசனை சொல்லியிருப்பேன்.

அவளுக்கு இந்தக் கடிகாரத்தின் மேல் எரிச்சல். "தூங்கும்போதாச்சும் அவுத்து வெக்கக் கூடாதாங்க? அது இன்னா, ஓடியா போயிடும்?" என்பாள். என் கை, என் வாட்ச் என்று எரிந்து விழுவேன். அவள் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இரண்டாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம், ஒரு நாள் டிக்கெட்டில் தேதி குத்திக்கொண்டிருக்கும்போது வார் அறுந்து விழுந்தது. வேர்வையில் ஊறி ஊறித் தோல் மக்கிப்போயிருந்தது. சட்டென்று கைக்குட்டையை எடுத்துச் சுற்றிக்கொண்டு, சுளுக்கு என்றேன். பக்கத்து ஜன்னல்காரர் விடுவாரா? "குடுங்க சார் கைய, எண்ணெ போட்டு ஒரு உருவு உருவினா ஜல்தியா சரியாப் பூடும்" என்று எழுந்தே வந்துவிட்டார். அவர் ஜன்னலில் கூட்டம் சேர்ந்துவிட்டதைக் காட்டித் தப்பித்தேன். முழுக்கைச் சட்டை போட்டாலும் பிரயோஜனமில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் சட்டைக் கை முழங்கைக்கு ஏறிவிடும்.

விழுப்புரத்தில் கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஸ்டேஷன்காரர்களுக்கெல்லாம் தோஸ்து. அவரிடம் போனால் ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி. அதனால் லீவு நாளில் ரயிலேறித் திண்டிவனம் போனேன். கடைத்தெருவில் ஒரு கடிகாரக் கடை இருந்தது. கடைக்காரர் கடிகாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்ளோ அகலத்துக்கு வாரு இப்ப எங்க சார் கிடைக்கும்? சண்ட முடியட்டும். பொம்பளைங்க கட்டற ஒல்லி வாருதான் கீது."

வேறு வழியில்லை, சரி என்றேன். காதுகளுக்கு நடுவே இருந்த சின்னக் கம்பியைக் கழற்றி வாரைக் கோத்தார். அகல வாசலுக்கு ஒற்றைக் கதவு போட்ட மாதிரி இருந்தது. வார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து ஆடியது. அவர் சைக்கிள் வால்வு ட்யூபில் நான்கு துண்டு நறுக்கி, வாரின் இரண்டு பக்கமும் கம்பியில் செருகி இடைவெளியை அடைத்தார். வார் நடுவில் நின்றது.

"இப்ப ஆடாது. கைய நீட்டுங்க சார், அளவு பாத்து ஓட்ட போடணும்."

நான் சட்டைப் பையிலிருந்து நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மணிக்கட்டின் சுற்றளவை வீட்டிலேயே அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். இடது கையை நீட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு இருந்த பதற்றத்தில் அதுகூடத் தோன்றவில்லை.

கடைக்காரர் நூலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கைய வூட்லயா வெச்சிட்டு வந்தீங்க? புதுப் பொண்ணு மாதிரி வெக்கப்படறீங்களே!" என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓட்டைய நானே போட்டுக்கறேன்" என்று கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டேன். "கோச்சுக்காதீங்க சார்" என்று பின்னாலேயே குரல் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ரயிலில் வாரை மணிக்கட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு கோடு மட்டும் மறைந்தது. மேலேயும் கீழேயும் தேமல் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பார்ப்பார்களே என்று தூசி விழுந்த மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டேன். ஊர் வந்து சேர்வதற்குள் ஒரு யோசனை தோன்றியது. பழைய தோல் பர்ஸ் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் அகலமாக ஒரு பட்டை நறுக்கி, ஒல்லி வாருக்கு அடியில் கொடுத்துச் சேர்த்துக் கட்டிக்கொண்டால் தேமல் முழுக்க மறைந்துவிடும்.

வளைகாப்பு முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போவதாக அவள் அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் நிறைந்திருந்தது. அவள் அடுக்களையில் எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் கூடத்துக்குக் கேட்கும்.

நான் பின்கட்டில் வெளிச்சமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் அடுக்களையில் இருக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் தைரியமாக வேலையைத் தொடங்கினேன். பர்ஸை நறுக்கிய பட்டையை மணிக்கட்டில் சுற்றி, அதன் மேல் வாரை இழுத்து முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடது கையால் கோணி ஊசியை வைத்து அழுத்தினேன். தோல் கெட்டி. இன்னும் அழுத்தினேன். ஊசி சட்டென்று இறங்கியது. இரண்டு தோலிலும் ஓட்டை விழுந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்படியே அடுத்த ஓட்டையும் போட்டேன்.

வேகவைத்த மல்லாட்டைக் கடலையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் வந்தாள்.

"ஐயோ, ரத்தங்க!"

குனிந்து பார்த்தேன். உள்ளங்கை வழியாக ஒழுகி வேட்டியில் திட்டுத் திட்டாக விழுந்திருந்தது.

"இவ்ளோ ரத்தம் வருது, வலிக்கலையா உங்களுக்கு?"

"வலிக்குது" என்றேன்.

அவள் என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை. வாரை எடுத்தாள். பட்டையை எடுத்தாள். சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். தேமலைப் பார்த்து அவள் திடுக்கிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் திடுக்கிடவில்லை.

"எனக்குத் தெரியுங்க. நீங்க கெணத்தடில குளிக்கறப்பவே பாத்துட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"எப்பலேர்ந்து?"

"வயித்துல புள்ள வர்றதுக்கு முன்னாடியே."

தெரிந்துதான் இத்தனை நாளும் என்னோடு இருந்திருக்கிறாள்.

"வலிச்சா அது இல்லன்னு எங்கூர்ல சொல்லுவாங்க" என்றாள். "நெஜமாவே வலிச்சுதாங்க?"

"வலிச்சுதுன்னு சொல்றேன்ல."

"அப்ப கண்ண மூடிக்கினு மூஞ்ச அந்தாண்ட திருப்புங்க."

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி ஒடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினேன். என் கை அவள் மடியில் இருந்தது. உணர்ச்சியெல்லாம் அந்த ஓரிடத்துக்கு வந்து சேரட்டும் என்று தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். வளையல் குலுங்கியது.

"வலிக்குது" என்றேன்.

பிறகு என் கையின் மேல் அவள் கண்ணீர் விழுந்திருக்க வேண்டும், விரல் நுனியில் ஈரம் தெரிந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லீங்க" என்றாள்.