பெரிய திரையும் வெறும் தட்டும்

எங்கள் கட்டடத்தில் இன்ஷிராஹ் போல நிதானமான பெண் கிடையாது. அதனால்தான் அவள் குழம்பியபோது நாங்கள் எல்லோரும் சேர்ந்து குழம்பினோம்.

எங்கள் ஊரான தமன்ஹூரில் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, கெய்ரோ ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டரை இணையம் வழியாகத் திறந்து வீட்டு வரைபடம் வரைவது அவள் வேலை. அங்கே இருக்கும் திரை இங்கே தெரியும். இங்கே மவுஸ் நகர்ந்தால் அங்கே கோடு விழும். எதிர்வீட்டில் தையல்காரி ஃபிக்ரியா. இருவருக்கும் ஒரே ரூட்டர், மாத டேட்டாவும் பொதுதான். ஃபிக்ரியாவின் மெஷின் ஓட ஓட, போனில் நாடகத் தொடரும் ஓடும். வருஷக்கணக்காக இதில் ஒரு வம்பும் வந்ததில்லை.

திடீரென்று பாதி மாதத்திலேயே டேட்டா தீர்ந்தது. அடுத்த மாதமும் அதே கதை. வேலை நடுவில் அறுந்துபோக, ஆபீஸில் ஏச்சு விழுந்தது. சண்டை படிக்கட்டுக்கு வந்தது. நான் இரண்டாம் மாடி. காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும்.

"ஃபிக்ரியா, புதுசா எத்தனை தொடர் பாக்குற?"

"எப்பவும் பாக்குறதுதான். ஏன்?"

"டேட்டா பாதியிலேயே காலி."

"அதுக்கு என் மூஞ்சிய ஏன் பாக்குற? நான் என்ன கரைச்சா குடிச்சேன்?"

இன்ஷிராஹ் அன்றே பாஸ்வேர்டை மாற்றினாள். அதோடு விட்டிருக்கலாம். முந்தின வாரம் ஃபிக்ரியா பால்சோறு கொடுத்தனுப்பிய தட்டைக் கழுவி, வெறும் தட்டாக அவள் வாசலில் வைத்தாள். எங்கள் ஊரில் அண்டைவீட்டுத் தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒன்றுமில்லையென்றால் ஒரு எலுமிச்சையாவது வைப்போம். ஃபிக்ரியா தட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். எனக்கே சுருக்கென்றது.

ஆனால் அடுத்த மாதமும் டேட்டா பறந்தது!

"இப்ப யாரு திருடுறா? பூனையா?" என்று கேட்டான் இன்ஷிராஹின் புருஷன் முர்ஸி.

கீழே காப்பிக்கடைக்காரர்கள்தான் உறிஞ்சுகிறார்கள் என்று நினைத்து, இவள் ரூட்டரைக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரிக்குள் பூட்டினாள். அவளுக்கே இணையம் கிடைக்காமல் போகவே மறுபடி வெளியே எடுத்தாள்.

பிறகு ஒருநாள் கால்பந்து. முர்ஸி பெரிய டிவியைப் பிடித்துக்கொண்டான். கண் வலிக்கிறதென்று சில மாதங்களாக இன்ஷிராஹ் அந்த டிவியைத்தான் திரையாக மாட்டி வேலை செய்துவந்தாள். அன்றைக்கு வேறு வழியில்லாமல் பழைய லேப்டாப்பிலேயே வரைந்தாள். சாயங்காலம் பார்த்தால் டேட்டா குறையவே இல்லை போலிருந்தது. ஆட்டம் டிஷ் வழியாக வந்தது, அதற்கு டேட்டா வேண்டாம். ஆனால் வரைபடம்? அதே வரைபடம்தானே! ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வக்தியை போனில் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஒரே வேலை, வக்தி. டிவியில செஞ்சா டேட்டா பறக்குது, லேப்டாப்புல அசையவே மாட்டேங்குது. பைத்தியம் எனக்கா, மெஷினுக்கா?"

"ரெண்டு பேருக்கும் இல்லக்கா. இங்கேருந்து உங்களுக்கு வர்றது கோடு இல்ல, படம். அந்த டிவியில புள்ளிங்க பல மடங்கு ஜாஸ்தி. நீங்க வரைபடத்தை இழுக்க இழுக்க, மாறின புள்ளியெல்லாம் புதுசா அனுப்பணும். லேப்டாப்புக்குக் கைப்பிடி போதும், டிவிக்கு மூட்டையே வேணும்."

"அப்படியே விட்டுட்டு சமைக்கப் போனா?"

"சும்மா கிடந்தா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கட்டடப் படங்கள் மாறி மாறி ஓடுமே, அதுவும் உங்க டிவிக்குத்தான் வந்துட்டிருக்கும்."

ஆளில்லாத கூடத்தில் கெய்ரோவின் கட்டடங்கள் ஊர்வலம் போக, இவள் உள்ளே திராட்சை இலை சுருட்டியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப ஃபிக்ரியா?" என்றாள்.

பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டாள். ஒரு தட்டு நிறைய அரிசி அடைத்த திராட்சை இலை எடுத்துப்போய் எதிர்க் கதவைத் தட்டினாள்.

"தப்பு டிவி மேல, ஃபிக்ரியா. இல்ல, என் மேல. வைஃபை பழையபடி வரும்."

"நான் தனியா கனெக்‌ஷன் வாங்கிட்டேன்" என்றாள் ஃபிக்ரியா. தட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் துணி காயப்போட நான் மொட்டைமாடிக்கு ஏறும்போது, இன்ஷிராஹ் தன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் தட்டு, கழுவித் துடைத்தது. நடுவில் ஒரே ஒரு எலுமிச்சை.

"இது மன்னிப்பா, குத்தலா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது.

"நீ அன்னிக்கு அதுகூட வைக்கல" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.