கட்டிலுக்குக் கீழே ஒரு காய்ச்சல்

காய்ச்சல் வார்டு நர்ஸுக்கு முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது பொறுமை. திருப்பதியில் வேலை பார்க்கிற எனக்கு இரண்டுமே தேய்ந்து நாளாகிவிட்டது. என்னைப்போல் வார்டில் லோல்படும் சகோதரிகளே, இதைப் படித்துவிட்டு நீங்களும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ நிறைய வந்தவர்

பாகாலா பக்கத்திலிருந்து முனிரத்தினம் என்ற விவசாயி வந்தார். காலையில் குளிர் எடுத்ததாம். மத்தியானத்துக்குள் அண்ணன், தம்பி, மச்சான் எல்லோருமாக ஆட்டோவில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். லுங்கியைத் தூக்கியதுமே கெண்டைக்காலில் பீடியால் சுட்டதுபோல் கறுப்புப் புண். உண்ணிக் காய்ச்சல்! புல்லில் இருக்கும் பொடி உண்ணி கடித்து வருவது. உடனே மருந்து கொடுத்தால் அடங்கும்; விட்டால் நுரையீரல், கிட்னி என்று இறங்கிவிடும். டாக்டர் அப்போதே மாத்திரை எழுதினார். மச்சான்தான் என்னை விடவில்லை.

"ஆம்பள ஒடம்பு சிஸ்டர், தாங்காது. நல்லா பாத்துக்குங்க."

துணைக்கு இருப்பவள்

மனைவி கோமளாவைத் துணைக்கு விட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவள் கட்டிலுக்குக் கீழே துண்டு விரித்து உட்கார்ந்தாள். கஞ்சி ஊட்டினாள், கால் பிடித்துவிட்டாள், பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள்.

மறுநாள் அவருடைய மாத்திரையை அவள் கையில் வைத்தேன். கை கொதித்தது. மூச்சு வேறு வாங்கியது. எப்போதிருந்து என்று கேட்டால், அவருக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே என்கிறாள்! ஊரில் டாக்டருக்குப் படிக்காமலே ஊசி போடும் ஆர்.எம்.பி.யிடம் போனாளாம். அந்த மகானுபாவர் ஜாக்கெட் கைமேலேயே ஊசி குத்தி அனுப்பிவிட்டாராம். படுத்து ஓய்வாவது எடுத்தாயா என்று கத்தினேன்.

"பால் கறக்கணும், புல்லு அறுக்கணும். எனக்கு எங்க சிஸ்டர் படுக்க டைம் இருக்குது?"

நாடாப் புண்

உடம்பில் புண் தேட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் திரைக்கு வெளியே நின்றுகொண்டு என்னைப் பார்க்கச் சொன்னார். ஆண்களுக்கு லுங்கியைத் தூக்கினால் பாதி வேலை முடிந்தது. பெண்களுக்கோ மார்புக்கு அடியில், இடுப்பில் என்று துணி இறுக்கும் இடமாகப் பார்த்து இந்தச் சனியன் கடிக்கிறது. கோமளாவுக்குப் பாவாடை முடிச்சுக்கு அடியில், அதே கறுப்புப் புண் கருகிக் காய்ந்துபோயிருந்தது. தினமும் அதன்மேலேயே நாடாவை இறுக்கிக் கட்டியிருக்கிறாள்.

"இது நாடா புண்ணு சிஸ்டர். எல்லா பொம்பளைங்களுக்கும் இருக்கும். மஞ்சா வெச்சிக்கினுதான் இருக்கேன்."

ஐசியூ வாசலில்

அன்று சாயங்காலமே மூச்சு முட்டியது. ஐசியூவுக்குக் கொண்டு ஓடினோம். பிழைப்பாளா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. தகவல் போய் மாமியார்க்காரி வந்தாள். நேரே மகன் கட்டிலுக்குப் போய் இளநீர் கொடுத்தாள். பிறகுதான் என்னிடம் வந்தாள். மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள் என நினைத்த நான் ஒரு பைத்தியக்காரி.

"அவன பாத்துக்கச் சொல்லி உட்டா, இவ போய் படுத்துக்கினா. இப்போ என் புள்ளைக்கு யாரு இருக்கறது?"

டிஸ்சார்ஜ்

கோமளா பிழைத்துவிட்டாள். பாதி உடம்பாக. அழைத்துப்போக முனிரத்தினம் வெள்ளை வேட்டியில் வந்தார். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் காய்ச்சல் இல்லை, இருவரும் ஒரே வரப்பில் புல் அறுத்தவர்கள், முதலில் வந்தது அவளுக்குத்தான் என்று தெலுங்கிலும் தமிழிலும் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். வாசலில் யாரோ விசாரிக்க, அவர் சொன்ன பதில் என் காதில் விழுந்தது.

"எனக்கு வந்த காய்ச்சல்தான்ணா. கூடவே இருந்தா இல்ல, இவளுக்கும் ஒட்டிக்கிச்சு."

சாவைத் தொட்டுத் திரும்பினாலும், நம் வீட்டுப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு காய்ச்சல்கூடக் கிடையாது.