தகரக் கூரையில் லிசனிங் டெஸ்ட்

இன்று எங்கள் கொடைக்கானல் ஹோட்டலில் ஊழியர்களுக்கு இங்கிலீஷ் லிசனிங் டெஸ்ட். பாஸானால்தான் ரிசப்ஷன் வேலை.

தகரக் கூரைக்கு அடியில் எங்களை உட்காரவைத்து, மதுரையிலிருந்து வந்த டிரெய்னர் செல்போனில் ஆடியோவை ஓடவிட்டார். மழை பிடித்துக்கொண்டது.

ரூம் சுத்தம் செய்யும் செல்வி அக்கா எழுந்தார். "சார், மழைச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலங்க."

"ஒருவாட்டிதான் போடுவேன்."

ஆடியோவில் சொன்ன ஊரில் வானிலை எப்படி என்று கேள்வி. அத்தனை பேரும் காதில் விழுந்த மழையையே எழுதிக் கொடுத்தோம்.

வெயிலாம்! எல்லோரும் ஃபெயில்.

"உங்களுக்குக் கவனிச்சுக் கேக்கவே தெரியல" என்று அறிவுரை வேறு.

கிளம்பும்போது டிரெய்னர், மதுரை பஸ் எத்தனை மணிக்கு என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சொன்னார்.

"என்னம்மா? மழையில கேக்கல."

"ஒருவாட்டிதான் சார் சொல்லுவேன்."

அந்த பஸ்ஸில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள், மேதை ஏறினாரா?